சீட்டாடுகிறவள் வீட்டுக்கு வந்த வெள்ளிக்காசு

கையில் எவ்வளவு மோசமான சீட்டு வந்தாலும் மைனி அதைக் கவிழ்த்து வைத்து நான் பார்த்ததில்லை. ரம்மி ஆடுகிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். பதின்மூன்று சீட்டும் ஒன்றுக்கொன்று பகையாக வந்து விழுந்தால், புத்தியுள்ளவள் தன் முறை வந்ததுமே ‘ஸ்கூட்’ என்று சொல்லிக் கவிழ்த்துவிடுவாள். கொஞ்சம் பாயிண்ட் மட்டும் நஷ்டக் கணக்கில் ஏறும். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அடுத்த ஆட்டத்துக்குத் தயாராகிவிடுவாள். மைனிக்கு அந்தப் பழக்கமே கிடையாது. கடைசிவரை சீட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு ஏதோ ஒரு சீட்டுக்காகக் காத்திருப்பாள். பெரும்பாலும் அது வராது. மொத்தப் பாயிண்டும் அவள் தலையில் ஏறும்.

“வராத சீட்டுன்னு ஒண்ணு உண்டாட்டி? கட்டுக்குள்ளதான எங்கயோ கெடக்கு” என்பாள்.

கட்டுக்குள் இல்லை மைனி, என் கையில் கிடக்கிறது என்று நான் விரித்துக் காட்டுவேன். அதற்கும் சிரிப்பாள். பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டு, அடுத்த ஆட்டத்துக்கு என்னையே கலைக்கச் சொல்வாள்.

மைனி என்று நான் சொல்வது சொந்தத்தில் இல்லை. தாராவியில் நாங்கள் குடியிருந்த சாலில், அதாவது ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கிற குடியிருப்பில், அவள் எனக்கு எதிர்வீடு. திருநெல்வேலிப் பக்கம் அண்ணன் பெண்டாட்டியை மைனி என்போம். அவள் அங்கே யாருக்கும் அண்ணன் பெண்டாட்டி இல்லை. ஆனாலும் சாலில் இருந்த எல்லாரும், மூலைவீட்டு மராத்திக்காரி உட்பட, அவளை மைனி என்றுதான் கூப்பிட்டோம். அவள் சொந்தப் பேரை யாரும் உரக்கச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஜீன்ஸ் தைக்கிற கார்கானாவிலிருந்து மூட்டை மூட்டையாகப் பேண்ட் வரும். தையல் முடிந்த இடத்தில் தொங்குகிற நூலை வெட்டிக் கொடுப்பது அவள் பிழைப்பு. அந்தச் சாயம் விரலில் ஏறி, நகக்கண்ணெல்லாம் எப்போதும் நீலமாக இருக்கும். எங்கள் சீட்டுக்கட்டின் ஓரமும் அவள் கைபட்டே நீலமாகிவிட்டது. மத்தியானம் தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, ஆண்கள் வேலைக்குப் போய், ஒரு ஓய்ச்சல் கிடைக்கும் பாருங்கள், அப்போது நாங்கள் நாலைந்து பேர் நடைவழியில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிடுவோம். துட்டு வைத்து ஆடினதே கிடையாது. கார்கானாவில் கழித்துப் போட்ட பித்தளைப் பொத்தான்கள்தான் எங்கள் பணயம். அதுவும் சாயங்காலம் மைனியின் டப்பாவுக்கே திரும்பிப் போய்விடும்.

இதைப் போய்ச் சூது என்றார்கள். சால் கமிட்டித் தலைவர் ஒருவர் இருந்தார். கணபதி பந்தலில் விடிய விடிய உட்கார்ந்து ஆண்களோடு மூன்று சீட்டு ஆடுகிற புண்ணியவான். அவர்தான் நடைவழியில் சீட்டாடக்கூடாது என்று போர்டு எழுதி மாட்டினார். ஆண்கள் பந்தலில் ஆடினால் அது சாமிக்குக் காவல். பெண்கள் வாசலில் ஆடினால் குடும்பத்துக்கு ஆகாது. நாங்கள் சாக்கைச் சுருட்டிக்கொண்டு மைனி வீட்டுக்குள்ளே போய் உட்கார்ந்தோம். அதிலிருந்து ஊர்வாய்க்கு அவள் ஒருத்திதான் சீட்டாட்டக்காரி. நாங்கள் எல்லாரும் அவள் கெடுத்து வைத்த பிள்ளைகள். என் மாமியாரே அப்படித்தான் சொல்லுவாள். நான் கல்யாணமாகி வருவதற்கு முன்னாலேயே ஊரில் என் சித்திமாரோடு ‘கழுதை’ சீட்டு ஆடி வளர்ந்தவள் என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்கமாட்டாள்.

காத்திருப்பது என்பது மைனிக்குச் சீட்டில் மட்டுமில்லை. ஒரு மழைக்கு எங்கள் சாலுக்குள் சாக்கடைத் தண்ணீர் ஏறியது. எல்லாரும் குழந்தைகுட்டியோடு மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். எண்ணிப் பார்த்தால் மைனியைக் காணோம். என் வீட்டுக்காரர் திரும்பிப் போய்ப் பார்த்தால், கட்டில்மேல் கால்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அரிசி டின் மிதந்து போய்க் கதவில் இடித்துக்கொண்டு நிற்கிறது. இப்ப வடிஞ்சிரும் என்றாளாம். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடத்துக்கு வந்தும், இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம் என்று முனகிக்கொண்டே இருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்த ஜென்மத்தில் இவளுக்குப் புத்தி வராது என்று எல்லார் முன்னாலும் திட்டினேன். அதற்கும் அதே சிரிப்புத்தான்.

போன மழைக்காலத்தில் மைனி போய்ச் சேர்ந்தாள். நான் அப்போது செம்பூர்ப் பக்கம் வந்துவிட்டேன். விஷயம் கேட்டு ஓடினேன். அவள் மகன் வந்திருந்தான். முறையெல்லாம் செய்தான், கொள்ளி வைத்தான், குறை சொல்ல முடியாது. பேரனைக் கூட்டி வரவில்லை. அவ்வளவு சின்னக் குழந்தையைச் சாவு வீட்டுக்கு யாரும் கூட்டி வரமாட்டார்கள்தான். ஆனாலும் என் வயிறு எரிந்தது, இப்போதும் எரிகிறது. ஏனென்றால் மைனிக்குக் கடைசிக் காலத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. மகன் வீட்டு வாசல்படி ஏறி, அந்தப் பேரனை ஒரு தடவை கையில் வாங்க வேண்டும்.

மகன் கெட்டவன் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு ஒரு காயம் இருந்தது. அது ஆறவில்லை.

மைனியின் வீட்டுக்காரர் தோல் பட்டறையில் வேலை பார்த்தார். அதிர்ந்து பேசாத மனிதர். ஈரல் கெட்டு, வயிறு வீங்கி, சயான் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிடித்ததைக் கொடுங்கள் என்று டாக்டர்கள் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவருக்குப் பிடித்தது சீட்டு. தூக்கம் வராமல், எதையும் தின்ன முடியாமல் கிடந்த அந்த மனிதருக்கு மைனிதான் சோடி. பகலெல்லாம் இரண்டு பேரும் கட்டிலில் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுவார்கள். அவருக்கு முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சுவரில் சாய்த்து வைத்திருப்பாள். சீட்டைப் பிடிக்கிற கை நடுங்கும். ஆனாலும் அவர் முகத்தில் அப்போது மட்டும்தான் ஒரு தெளிவு வரும்.

ஒரு மத்தியானம் மகன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து போட்ட கத்தலில் நாங்கள் ஓடினோம். அவர் சுவரில் சாய்ந்தபடி இருந்தார். கையில் சீட்டு இருந்தது. தலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. உயிர் போய் வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும், நான் தொட்டுப் பார்த்தபோது உடம்பு சில்லிட்டுக் கிடந்தது. மைனி அவருக்கு எதிரே தன் சீட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகன் அவள் கையிலிருந்ததைத் தட்டிவிட்டான். கட்டில், தரை, தண்ணீர்க் குடம் எல்லா இடத்திலும் சீட்டு பறந்து விழுந்தது. அப்போதுதான் அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

காரியமெல்லாம் முடிந்து, அழுகை ஓய்ந்த பிறகு, உண்மையிலேயே உங்களுக்குத் தெரியவில்லையா மைனி என்று ஒரு நாள் கேட்டேன். அவள் நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

“அவிய முறைட்டி. அவிய போடாம நான் எப்படி எடுக்க?”

இதை மகனிடம் சொல்லுங்கள் என்று அன்றைக்கு நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். தெரிந்தும்தான் உட்கார்ந்திருந்தாளோ, எழுந்தால் உண்மையாகிவிடும் என்று பயந்தாளோ, எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் மகன் பார்த்தது வேறு. அப்பா செத்துக் கிடக்க அம்மா சீட்டாடிக்கொண்டிருந்தாள். சாலிலும் பள்ளிக்கூடத்திலும் அதையே சொல்லிச் சொல்லி அவன் காதைத் துளைத்தார்கள். சீட்டாட்டக்காரி மகன் என்று பேர் வைத்தார்கள். மைனி ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. அவனுக்கே ஒரு நாள் விளங்கும் என்று இருந்துவிட்டாள்.

அவன் நன்றாகப் படித்தான். ஐரோலியில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்தது. முலுண்டில் பெண் எடுத்தான், அங்கேயே மாமனார் வீட்டுக்குப் பக்கத்துக் கட்டடத்தில் பிளாட் வாங்கிப் போனான். மாடுங்கா மண்டபத்தில் நடந்த கல்யாணத்தில் மைனி யாரோ தூரத்துச் சொந்தம் மாதிரி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மாசாமாசம் செலவுக்கு அனுப்பிவிடுவான். வரமாட்டான், வா என்றும் சொல்லமாட்டான். ஒரு தடவை போனில் அவள் கெஞ்சியபோது, முதலில் சீட்டை விடு, அப்புறம் பார்ப்போம் என்றானாம்.

அன்றைக்கே விட்டாள். சீட்டுக்கட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். மத்தியானம் எங்களோடு வந்து உட்காருவாள், ஆனால் மடியில் ஜீன்ஸ் பேண்ட் இருக்கும். நாங்கள் ஆடுவதைப் பார்க்காத மாதிரி பார்ப்பாள். நான் ஸ்கூட் சொன்னால் மட்டும் பொறுக்காது, உச்சுக்கொட்டுவாள். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படி ஓடியது. அவன் வரவில்லை. இதற்கிடையில் பேரன் பிறந்தான். அதைக்கூட மகன் வைத்த வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை என் வீட்டுக்காரரின் போனில் பார்த்துத்தான் அவள் தெரிந்துகொண்டாள். துணியில் சுற்றிய ஒரு முகம். அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, கடைசியில் திரையில் மூக்கு மட்டும் தெரிந்தது. மூக்கு தாத்தா மூக்கு என்றாள்.

அந்தத் தீபாவளிக்குத்தான் வெள்ளிக்காசு வந்தது.

என் வீட்டுக்காரருக்கு ஏசி ரிப்பேர் வேலை. ஐரோலியில் அந்தக் கம்பெனிக் கட்டடத்துக்குப் போயிருந்தபோது மைனியின் மகனைப் பார்த்திருக்கிறார். மாமா, இதை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள் என்று ஒரு மிட்டாய்ப் பெட்டியும் ஒரு சின்னச் சிவப்புப் பெட்டியும் கொடுத்தானாம். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவசரமாக லிப்டுக்குள் போய்விட்டான்.

சிவப்புப் பெட்டியை எங்கள் வீட்டில் வைத்துத்தான் திறந்தோம். உள்ளே வெல்வெட்டுக்கு நடுவில் பளபளவென்று ஒரு காசு. ஒரு பக்கம், கிரீடம் வைத்த ஒரு பெண் கையில் பூ வைத்துக்கொண்டு இருந்தாள். என் மாமியார் அதைப் பார்த்தாளோ இல்லையோ, தீபாவளிக்கு மகாலட்சுமி வீடு தேடி வந்திருக்கிறாள் என்று பிடுங்கிக்கொண்டு போய்ச் சாமிப் பலகையில் வைத்துவிட்டாள். குங்குமம் வைத்தாயிற்று, சூடமும் கொளுத்தியாயிற்று. கன்னத்தில் போட்டுக்கொண்டு அவள் திரும்பும்போதுதான் மைனி கிட்டே போய் உற்றுப் பார்த்தாள்.

“அத்தே, இது மகாலட்சுமி இல்ல. ஆட்டின் ராணி.”

ஹார்ட்டின் என்பதைத்தான் நாங்கள் ஆட்டின் என்போம். தலைக்குமேல் சின்னதாக இதயம் போட்டிருந்தது. திருப்பிப் பார்த்தால், மறுபக்கம் ஒரு மரத்தடியில் ஆணும் பெண்ணுமாக நாலு பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்து சீட்டாடுகிறார்கள். என் மாமியார் சூடத்தை ஊதி அணைத்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மைனி சிரிக்கவில்லை. அந்த நாலு பேரையும் விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். இந்தப் பொம்பளை பிடித்திருக்கிற பிடியைப் பார், பக்கத்தில் இருக்கிறவனுக்குச் சீட்டைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றாள்.

பெட்டிக்குள் ஒரு வழுவழுப்பான தாளும் இருந்தது. என் மகளுக்குத் தமிழ் வாசிக்க வராது, இங்கிலீஷ் வரும். அவள் படித்துச் சொன்னாள். சாதாரண ஜனங்களின் அன்றாட வாழ்க்கையையும் விளையாட்டுகளையும் கௌரவிப்பதற்காக அடித்த வெள்ளிக்காசுகளாம். பட்டம், கில்லி, பரமபதம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காசாம். சீட்டாட்டம் மக்களை ஒன்றாக உட்காரவைத்து உறவை வளர்க்கிறதாம். எனக்கு ஆத்திரமாக வந்தது. போர்டு மாட்டினார்கள், பிள்ளையிடமிருந்து பிரித்தார்கள், பிறகு வெள்ளியில் அடித்து வெல்வெட்டில் வைக்கிறார்கள். ஆனால் மைனி அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள்.

“எம் மவன் கூப்புட்டுட்டாம்ட்டி” என்றாள்.

இதை விளக்கிச் சொல்ல வேண்டும். மைனி பிறந்த ஊரில் ஒரு வழக்கம். கோபித்துக்கொண்டு பேச்சற்றுப் போன சொந்தத்தைத் திரும்ப அழைக்க வேண்டுமென்றால் யாரும் நேரில் போய்க் கெஞ்சமாட்டார்கள். இனிப்பும் வெற்றிலையும் வைத்து, அதன்மேல் ஒரு வெள்ளி ரூபாயை வைத்து, பொதுவான ஒரு ஆள் கையில் கொடுத்தனுப்புவார்கள். ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. அந்த ரூபாயை எடுத்துக்கொண்டால் சமாதானம். அப்புறம் ஒரு நல்ல நாளில் அதே ரூபாயை வெற்றிலைமேல் வைத்துக் கொண்டுபோய் அவர்கள் வீட்டில் திருப்பிக் கொடுத்தால் உறவு ஒட்டியது என்று அர்த்தம். இங்கே இனிப்பு இருக்கிறது, வெள்ளி இருக்கிறது, பொதுவான ஆளாக என் வீட்டுக்காரர் இருக்கிறார், வார்த்தையும் சொல்லவில்லை. அது போதாதென்று காசில் சீட்டாட்டம் வேறு. எதனால் கோபமோ அதையே வெள்ளியில் அனுப்பியிருக்கிறான் என்றால், அதற்கு மேல் ஒரு மகன் எப்படி மன்னிப்பான்?

எனக்கு மனது ஒட்டவில்லை. அவன் தாராவியில் பிறந்து வளர்ந்தவன், இந்த ரூபாய் வழக்கமெல்லாம் அவனுக்கு என்ன தெரியும், ஆபீசில் எல்லாருக்கும் கொடுத்த காசாக இருக்கும், ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று சொன்னேன். முகத்துக்கு நேராகத்தான் சொன்னேன். ரூபாய் வந்த பிறகு கேள்வி கேட்டால் அது அனுப்பினவனை அவமதிக்கிறது என்றாள். வெற்றிலை இல்லையே மைனி என்றேன்.

“ஐரோலில வெத்தலைக்கு அவன் எங்க போவான்? வெள்ளிய அனுப்பிட்டாம்லா” என்றாள்.

அந்த வாரம் முழுக்க மைனி தரையில் நிற்கவில்லை. மாடுங்கா மார்க்கெட்டில் அலைந்து குழந்தைக்குக் கருவளையல், வசம்பு, ஒரு கம்பளிக் குல்லாய் வாங்கினாள். விரலில் இருந்த நீலத்தைப் போக்க எலுமிச்சம்பழத் தோலைப் போட்டுத் தேய்த்தாள். பேரனைத் தூக்கும்போது சாயம் ஒட்டக்கூடாதாம். அது பல வருஷச் சாயம், எங்கே போகும்? விரல் சிவந்ததுதான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் கல்யாணத்துக்குக் கட்டிய பட்டைக் கட்டிக்கொண்டு, நல்ல வெற்றிலையாகப் பார்த்து ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள். சயானிலிருந்து முலுண்ட் வரைக்கும் ரயிலில் கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி வந்தாள். குழந்தை அழுதால் எந்தப் பாட்டுப் பாடுவது என்று என்னைக் கேட்டாள். எதைப் பாடினாலும் அது சிரிக்கும் மைனி என்றேன். வேறு என்ன சொல்ல?

கதவைத் திறந்தது மகன். அவன் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. எதிர்பார்த்த முகம் இல்லை அது. ஆனாலும் வா என்றான், உட்காரச் சொன்னான். சம்பந்தியம்மாள் அடுப்படியிலிருந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டே சௌக்கியம் கேட்டாள். மருமகள் வெளியே வரவில்லை. படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. குழந்தை இப்போதுதான் தூங்கியது, அவளும் கூடப் படுத்திருக்கிறாள் என்று சம்பந்தியம்மாள் சொன்னாள்.

மைனி அவசரப்படவில்லை. பையிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்தாள். வெற்றிலையைப் பரப்பி, பாக்கை வைத்து, நடுவில் அந்த வெள்ளிக்காசை வைத்தாள். தட்டை இரண்டு கையாலும் பிடித்து மகன் முன்னால் நீட்டினாள். ராணி மேலே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

சம்பந்தியம்மாள்தான் முதலில் பேசினாள். “ஐயோ, இதை ஏன் மறுபடியும் கொண்டு வந்தீங்க? பச்சைக்குழந்தை இருக்கிற வீட்ல சூதாட்டப் படம் வேண்டாம்னுதான குடுத்து அனுப்பச் சொன்னேன்.”

அவளுக்குத் தீய எண்ணம் எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கையைப் பிசைந்துகொண்டுதான் சொன்னாள். மகன் தட்டை வாங்கவும் இல்லை, அம்மாவைப் பார்க்கவும் இல்லை. ஆபீசில் குலுக்கிப் போட்டுக் கொடுத்தார்கள், எனக்கு இது வந்தது, மற்றவர்களிடம் மாற்றிக்கொள்ளப் பார்த்தேன், சீட்டுப் படம் போட்டதை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னான். கொஞ்சம் நிறுத்திவிட்டு, “உனக்குத்தான் சீட்டுன்னா பிடிக்குமே” என்றான்.

அவன் அதைக் குத்திச் சொன்னானா, சமாதானமாகச் சொன்னானா என்று இன்றுவரை யோசிக்கிறேன். எப்படிச் சொல்லியிருந்தாலும் ஒன்றுதான். மைனி தட்டை நீட்டியபடியே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு மெதுவாக மடியில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்காரர் செத்த கதையை, அந்த மத்தியானம் யார் முறைக்காகக் காத்திருந்தாள் என்பதை, இப்போதாவது சொல்லிவிட மாட்டாளா என்று நான் அவள் வாயையே பார்த்தேன். சொல்லவில்லை. சீட்டை விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று என்று மட்டும் சொன்னாள். அவன் ம் என்றான்.

காப்பி வந்தது. குடித்தோம். கிளம்பலாம் மைனி என்று நான் முழங்கையால் இடித்தேன். பிள்ளை எழுந்திருக்கட்டும், ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள். மடியில் தட்டு, தட்டின்மேல் அந்தக் குல்லாயை எடுத்து வைத்திருந்தாள். டிவியில் ஏதோ கிரிக்கெட் ஓடியது. மகன் போனைப் பார்த்தான். சம்பந்தியம்மாள் ஒரு தடவை அந்தச் சாத்தின கதவைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போனாள். யாரும் எங்களைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை.

அப்போது குழந்தை அழுதது. சாத்தின கதவுக்கு உள்ளேதான். முதலில் சிணுங்கல், பிறகு வீறிட்டு ஒரு அழுகை. உள்ளே வளையல் சத்தம் கேட்டது, ஒரு பெண் குரல் தணிந்து, அழாதே அழாதே என்றது. மைனி பாதி எழுந்துவிட்டாள். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. மகனைப் பார்த்தாள்.

மகன் டிவியைப் பார்த்துக்கொண்டே, “பக்கத்து பிளாட் குழந்தைம்மா” என்றான்.

என் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நான் வாயைத் திறக்கும் முன்னால் மைனி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கையை விடாமலே தட்டையும் குல்லாயையும் டீப்பாயில் வைத்தாள். உள்ளே அழுகை நிற்கவில்லை. அவள் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பக்கத்து வீட்டுப் புள்ளதான். இருந்தாலும் ரொம்ப நேரமா அழுது. தூக்கி வச்சிக்கிடச் சொல்லு ராசா, தொண்டை கட்டிரும்.”

நாங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தோம். லிப்ட் வர நேரமாயிற்று. அதுவரை அந்த அழுகை எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.